ஏறாத உறை

அந்த மின் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கணக்கர் முதல் காவலாளி வரை எல்லாருக்கும் அவர் பெரிய சகலை. அவரோடு வேலை பார்ப்பவர் சின்ன சகலை. அக்காவை ஒருவரும் தங்கையை மற்றவரும் மணந்ததால் அவர்கள் தமக்குள் சகலை ஆனது முறை. ஊருக்கே சகலை ஆனதற்கு முறை எதுவும் இல்லை. எதிர்த் தேநீர்க் கடைக்காரர்கூட, "சகலை ரெண்டு பேருக்கும் சர்க்கரை கம்மி" என்றுதான் உள்ளே குரல் கொடுப்பார்.

மண்ணுக்கடியில் ஓடும் மின்கேபிள் பழுதானால் பழுதான இடத்தை வெட்டி எறிந்து, இரு முனைகளையும் மறுபடி இணைத்து, இணைத்த இடத்தை நீர் புகாதபடி மூடுவது அவர்கள் தொழில். பெரிய சகலை இளமையில் கேபிள் சுற்றிய பெரும் உருளைகளை உருட்டும் ஆளாக வந்து சேர்ந்தவர். ஒருநாள், வெடித்துப்போன பழைய ஜாயின்ட் ஒன்றை மூத்த தொழிலாளி அறுத்துப் பிரித்தபோது அருகில் நின்று பார்த்தார். உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. அதனடியில் ஓர் உள்ளங்கைக் குழிவளவு நீர் தேங்கியிருந்தது. இவ்வளவு கனத்த கேபிளை இவ்வளவு சிறிய நீர் சாய்த்துவிட்டதே என்ற திகைப்பு அவரை விட்டு நீங்கவே இல்லை. அன்று மூண்டது அவருக்கும் ஈரத்துக்குமான பகை.

"கம்பியை யார் வேணும்னாலும் சேத்துடலாம். சேத்ததை மூடத் தெரிஞ்சவன்தான் ஜாயின்டர்" என்பார். வீட்டிலும் அதே குணம். "குளிச்சிட்டு வந்தா காது மடல் வரைக்கும் துடைச்சிட்டுத்தான் வாயைத் திறப்பார். ஈரத்தோட பேசினா பேச்சு ஷார்ட் ஆயிடுமாம்" என்று அவர் மனைவி உறவினரிடம் சொல்லிச் சிரிப்பார்.

இந்தத் தொழிலில் ஒரு தவறு உண்டு. பிற தொழில் செய்வோர் யாராலும் அதைச் செய்ய இயலாது. கேபிளின் இரு முனைகளையும் இணைப்பதற்கு முன்பே, தடித்த கறுப்பு உறைக்குழாய் ஒன்றை ஒரு பக்கத்துக் கேபிளின்மேல் ஏற்றித் தள்ளி வைத்துவிட வேண்டும். கம்பிகளைச் சேர்த்தபின் அதை இழுத்து இணைப்பின்மேல் நிறுத்தித் தீ காட்டினால், உறை சுருங்கிக் கேபிளை இறுகக் கவ்வும். அதன் உட்புறப் பசை உருகி நீரின் வழியை அடைக்கும். முன்னே ஏற்ற மறந்தால் பின்னே ஏற்ற வழியில்லை. இருவர் இறுகக் கை கோத்துக்கொண்டபின் அந்தக் கைகளில் வளையல் ஏற்ற முடியுமா? அதைப் போன்றது.

ஆகவே சகலைகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கம்பிகளை அழுத்தி இறுக்கும் கருவியைக் கையில் எடுத்ததும் பெரியவர், "உறை ஏறிச்சா?" என்று கேட்பார். சின்னவர் உறையின்மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏறிச்சு" என்பார். அந்த விடை வராமல் பெரியவர் கருவியை அழுத்த மாட்டார். உறை கண்ணெதிரே இருந்தாலும் கேட்பார். கேட்டாலொழியக் கை ஓடாது.

அந்த வழக்கம் நின்றுபோனது அக்காள் தங்கையின் சண்டையால். உறவுக்காரர் வீட்டு விசேஷம் ஒன்றில் தங்கை வாய்தவறிச் சொன்னாள்: "அத்தானுக்கு இருக்கிற நல்ல பேர்ல பாதி எங்க வீட்டுக்காரர் கை வேலை." அக்கா விடவில்லை: "அந்தக் கையைப் பிடிச்சு வேலை கத்துக்கொடுத்ததே இவர்தான். மறந்துட்டியா?" பிறகு பேச்சு வளர்ந்து, வளர்ந்த பேச்சு நின்று, இரு வீட்டுக்கும் போக்குவரத்து அற்றது. ஆண்கள் இருவருக்கும் உண்மையில் ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபமில்லை. ஆனால் வெளியே சிரித்துப் பேசிவிட்டு வீட்டுக்குள் போனால் சோறு விழாது என்பதை இருவரும் அறிவர். எனவே கௌரவமாக முகத்தைத் திருப்பிக்கொண்டே வேலை பார்த்தார்கள்.

பேசாமல் இருவர் கேபிள் வேலை பார்ப்பது எளிதன்று. எனவே பொருள்களிடம் பேசினார்கள். "இந்த அரம் எங்கதான் போய் ஒளிஞ்சுக்குதோ" என்று பெரியவர் காற்றிடம் முறையிடுவார்; அரம் அவர் பக்கம் நகர்ந்து வரும். "சில பேர் குழியை ஆழமா வெட்டிட்டு முதுகு வலிக்குதும்பாங்க" என்று சின்னவர் மண்வெட்டியிடம் சொல்வார். உடன் வந்த வண்டி ஓட்டுநர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "சகலை, நடுவுல நான் ஒருத்தன் இருக்கேன். என்கிட்டயாவது பேசுங்க. மண்வெட்டி என்ன பதில் சொல்லப்போகுது?" என்றார். இருவரும் அவரிடமும் பேசவில்லை.

இவ்வாறு மாதங்கள் கழிந்தபின் அந்தப் பெருமழை வந்தது.

ஊரின் மேற்குப் புறத்தில் ஏரி. அதன் கரையில் மோட்டாரால் தூக்கப்படும் இரும்பு மதகு. மதகைத் தூக்கினால் நீர் கால்வாய் வழியே ஆற்றுக்குப் போய்விடும். தூக்காவிட்டால் கரையின் தாழ்ந்த ஓரம் வழிந்து, நேராகக் கீழ்த் தெருவுக்குள் இறங்கும். ஏரி நிறைந்து விளிம்பைத் தொட்ட காலையில் மோட்டாருக்கு மின்சாரம் செல்லும் கேபிள் செத்துப்போனது. கரையோரம் என்றோ யாரோ செய்து புதைத்த ஜாயின்ட் ஒன்றுக்குள் நீர் புகுந்துவிட்டது.

சகலைகளின் வண்டி கரைமேல் ஏறும்போதே பெரியவரின் கைபேசி அடித்தது. மறுமுனையில் அவர் மனைவி. அவர் பேசியது கீழ்த் தெருவில் இருந்த தம் தந்தையின் வீட்டிலிருந்து.

"ஏங்க, அப்பா நகர மாட்டேங்கிறார். காலையில வண்டி வந்து எல்லாரையும் ஏத்திட்டுப் போச்சு. இவர் மட்டும், 'என் ரெண்டு மருமகனும் மேல போறாங்க, மதகு திறந்துடும், நான் எதுக்குப் போகணும்'னு கட்டில்ல படுத்துட்டார். இடுப்பு ஒடிஞ்ச மனுஷனை நான் எப்படித் தூக்குவேன்?"

"நீயாவது கிளம்பு."

"அவ கிளம்பட்டும், நானும் கிளம்புறேன்."

"எவ?"

"வேற எவ, உங்க சகலை பொண்டாட்டிதான். அப்பா கால்மாட்டுல உக்காந்திருக்கா. நான் போயிட்டா, அக்கா விட்டுட்டு ஓடிட்டான்னு காலம் பூரா சொல்லிக் காட்டுவா. இப்ப போகணும்னாலும் முடியாது. தெருமுனையில இடுப்பளவு மழைத்தண்ணி."

பெரியவர் கைபேசியைப் பையில் வைத்தார். பக்கத்து இருக்கையில் இருந்த சின்னவருக்கு அத்தனையும் கேட்டிருந்தது. அவர் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏரி அலையடிக்கவில்லை; விளிம்பு வரை நிறைத்த பாத்திரம் போல அசையாமல் இருந்தது. அந்த அசைவின்மைதான் அச்சம் தந்தது.

மதகடியில் பொறியாளர் மழைச்சட்டையோடு நின்றிருந்தார், நடுவயதுப் பெண்மணி. மேலே நான்கு ஆட்கள் கைச்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கையால சுத்திப் பாக்குறோம். வண்டல் பிடிச்சிருக்கு, விரல் அகலம்தான் ஏறியிருக்கு. மோட்டார் ஓடினாத்தான் உண்டு" என்றார் அவர். "அந்த ஓரம் எவ்வளவு நேரம் தாங்கும்னு எனக்கே சொல்லத் தெரியலை. சீக்கிரம் பாருங்க, சகலை."

மின்சாரத்தை இரு பக்கமும் துண்டித்து உறுதி செய்தபின் குழி வெட்டினார்கள். மேலே தார்ப்பாய் கட்டினார்கள். ஓட்டுநர் ஊறிவரும் நீரை வாளியால் இறைத்தார். பழைய ஜாயின்ட்டை வெட்டி எறிந்ததும் கேபிள் குறைந்தது. முன்பு புதைத்தவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று வளைத்து விட்டுவைத்திருந்த உபரிக் கேபிளை இழுத்து முனைகளைச் சந்திக்க வைத்தார்கள். அதற்குமேல் இழுக்க ஒரு சாண்கூட மிச்சமில்லை.

இருவரும் எதிரெதிரே அமர்ந்து முனைகளைச் சீவினார்கள். பெரியவர் தம் பக்கத்தைத் துணியால் துடைத்தார்; மழை தெறித்தது; மறுபடி துடைத்தார். அவர் மனம் குழியில் இல்லை. கீழ்த் தெரு வீட்டின் வாசற்படியில் இருந்தது. எத்தனை படி அந்த வீட்டுக்கு என்று எண்ணிப் பார்த்தார். ஆண்டாண்டாய் ஏறி இறங்கிய படி, எண்ணிக்கை நினைவுக்கு வரவில்லை. அதற்குள் கை கருவியை எடுத்திருந்தது. தொண்டை வரை ஒரு சொல் வந்தது. எதிரே இருந்தவர் முகம் இறுகிக் கிடந்ததைக் கண்டு அந்தச் சொல்லை விழுங்கினார். செம்புக் குழல்களுக்குள் கம்பிகளைச் செருகி அழுத்தினார். ஒன்று, அடுத்தது, அடுத்தது. ஒவ்வொரு கம்பியிலும் தனித்தனியே முன்பே ஏற்றியிருந்த மெல்லிய குழாய்களை இழுத்துச் சின்னவர் தீ காட்டினார். அவை சுருங்கிப் பளபளத்தன. நல்ல வேலை.

இனி வெளி உறை. பெரியவர் இடப்பக்கம் கை நீட்டினார். வெறும் கேபிள். சின்னவர் வலப்பக்கம் நீட்டினார். வெறும் கேபிள். உறை தார்ப்பாய்க்குக் கீழே ஒரு மூலையில், பிரிக்காத காகிதத்துக்குள், வந்தபடியே கிடந்தது.

சின்னவர் தீயை அணைத்தார்.

"சகலை" என்றார் பெரியவர். மாதக்கணக்கில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. "நீ ஏத்தியிருப்பேன்னு நினைச்சேன்."

"நீங்க கேக்கலையே."

"நீ சொல்லலையே."

அதற்குமேல் அந்த வழக்கை இருவராலும் நடத்த முடியவில்லை. சின்னவர் டேப்புச் சுருளை எடுத்தார். "டேப் சுத்திடலாம். மதகு ஏறுற வரைக்கும் தாங்கினா போதும்" என்றார்.

"தாங்காது. வாளியை நிறுத்தின உடனே குழி நிறைஞ்சிடும். தண்ணிக்குள்ள டேப் எத்தனை நேரம் நிக்கும்? பாதியில வெடிச்சா மோட்டாரும் சேர்ந்து போகும். வேற மோட்டார் இங்க ஏது?"

"அப்ப வெட்டிட்டு மறுபடி..."

"எதை இழுத்துச் சேப்ப?"

பெரியவர் எழுந்து பொறியாளரிடம் போனார். போகும் வழியில் ஒரு பொய்யும் அவருக்குத் தோன்றவில்லை. "மேடம், தப்பு நடந்துபோச்சு. வெளி உறையை ஏத்தாம ஜாயின்ட் பண்ணிட்டேன்."

"பண்ணிட்டோம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பொறியாளர் ஏரியைப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்தார். "தப்பை அப்புறம் பங்கு போட்டுக்கலாம். இப்ப வழி என்ன?"

சின்னவர் தயங்கினார். தம் பையை ஒரு பார்வை, பெரியவரை ஒரு பார்வை பார்த்தார். பெரியவருக்குப் புரிந்தது. அந்தப் பையில் ரெசின் இருக்கும். இரண்டு திரவங்களைக் கலந்து அச்சுக்குள் ஊற்றினால் கல்லாய் இறுகும் பொருள் அது. உறை ஏற்ற வேண்டியதில்லை. இணைப்பைச் சுற்றி ஓர் அச்சை மூடி ஊற்றினால் போதும். சின்னவருக்கு அதில் பற்று அதிகம். தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் சுமந்து திரிவார். பெரியவருக்கோ ஏளனம். ஊர் கேட்க எத்தனையோ முறை, "அது ஜாயின்ட் இல்ல சகலை, கொத்தனார் வேலை" என்று சிரித்தவர்.

இப்போது அவர் சிரிக்கவில்லை. "எடு" என்றார். "என்ன செய்யணும்னு நீ சொல்லு. நான் செய்யுறேன்."

ரெசினோடு வந்த அச்சுப்பெட்டி ஒல்லிக் கேபிளுக்கானது. இந்த இணைப்பின் பருமனுக்குப் பாதிதான் இருந்தது. சின்னவர் அதைத் தூக்கி எறிந்தார். "வண்டியில தண்ணி பாட்டில் பெருசா ரெண்டு இருக்குமே, அதைக் கொண்டாங்க" என்று ஓட்டுநரிடம் கத்தினார். பாட்டில்களின் கழுத்தையும் அடியையும் அறுத்து, நெடுக்கில் பிளந்து, இணைப்பைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பொருத்தினார். பெரியவர் அதற்குள் கேபிளின் மேல்தோலை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினார். வழவழப்பான தோலை ரெசின் பிடிக்காது. துடைத்தார். தம் மேற்சட்டையைக் கழற்றி, அதன் உலர்ந்த உட்புறத்தால் மறுபடி துடைத்தார். வாழ்நாள் முழுதும் ஈரத்தோடு பொருதிய கைகள் அன்று துடைத்ததுபோல் என்றும் துடைத்ததில்லை. ஓரங்களை டேப்பால் அடைத்தார்கள். மேலே ஊற்ற ஒரு துளை, காற்று வெளியேற ஒரு துளை.

சின்னவர் ரெசின் பையைப் பிசைந்தார். நிறம் ஒன்றாகும் வரை பிசைந்தார். ஒரே பக்கமிருந்து, கம்பி போல் மெல்லிதாக ஊற்றினார். மறு துளையில் ரெசினின் கறுப்புத் தலை எட்டிப் பார்த்தது. "போதும்."

ஆனால் பாட்டில் மெலிது. நிறைந்த எடையில் நடுவே தொங்கிப் பிதுங்கத் தொடங்கியது. இருவரும் ஒரே நேரத்தில் கை கொடுத்தார்கள். நான்கு உள்ளங்கைகள் அதைத் தொட்டில்போல் ஏந்தின. "அசையக் கூடாது, சகலை. இறுகுற வரைக்கும் அப்படியே" என்றார் சின்னவர். குழிநீர் அவர்கள் முழங்காலுக்கு வந்திருந்தது. ஓட்டுநர் இறைத்தார், ஊறியது, இறைத்தார்.

"எப்படித் தெரியும் இறுகுதுன்னு?"

"சூடாகும். கை சொல்லும். கலவை சரியில்லைன்னா சூடே வராது. இப்படியே தண்ணியா நிக்கும்."

"சரியாத்தான் கலந்தியா?"

சின்னவர் துளையைக் குனிந்து பார்த்தார். அவருக்கும் தெரியாது.

பெரியவரின் கைபேசி அடித்தது. கழற்றிப் போட்ட சட்டைப்பையில். நின்றது. சின்னவரின் இடுப்பில் அடித்தது. நின்றது. மறுபடி பெரியவருடையது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்; கையை எடுக்கவில்லை. பொறியாளர் குழிக்குள் குனிந்து, சட்டையிலிருந்து கைபேசியை எடுத்துப் பெரியவரின் காதில் வைத்துப் பிடித்தார்.

"ஏங்க, வீட்டுக்குள்ள வந்துடுச்சு. கட்டிலை மேசைமேல ஏத்தியிருக்கோம், அப்பாவோட. நான் ஒரு பக்கம் பிடிச்சேன், அவ ஒரு பக்கம் பிடிச்சா. இப்ப நாங்களும் மேலதான் உக்காந்திருக்கோம். மதகு என்னாச்சு? அப்பா நொடிக்கு நொடி கேக்குறார்."

"ஆகுது."

"ஆகுதுன்னா?"

"கை வேலையா இருக்கு. வச்சுடு."

பொறியாளர் கைபேசியைச் சட்டைக்குள் திரும்ப வைத்தார். கரையின் தாழ்ந்த ஓரத்திலிருந்து ஓர் ஆள், "வழியுறது கூடுது, இங்கயும் வழியுது" என்று கூவினான். பெரியவர் கண்களை மூடினார். தாம் கற்ற அத்தனையும், பட்ட அத்தனையும், இப்போது உள்ளங்கைத் தோலில் குவிந்து நின்று ஒரே ஒரு செய்திக்காகக் காத்திருந்தது. குளிர்ந்த பிளாஸ்டிக். குளிர்ந்த பிளாஸ்டிக். பிறகு, காய்ச்சல் வரப்போகும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டால் முதலில் தோன்றுமே, உண்டா இல்லையா என்ற ஐயமாக, அப்படி ஒரு வெம்மை.

அவர் உடனே நம்பவில்லை. தவறாக இருந்துவிடுமோ என்று அஞ்சினார்.

"வருது" என்றார் சின்னவர் மெதுவாக.

வெம்மை சூடாயிற்று, சூடு சுடலாயிற்று. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்ததுபோல் எரிந்தது. "விட்டுடலாமா?" என்று பெரியவர் பற்களுக்கிடையே கேட்டார். "இன்னும் கொஞ்சம். விட்டா நடுவுல விரிஞ்சிடும்." விடவில்லை. தெறித்த மழைநீர் அதன்மேல் விழுந்து ஆவியாய் எழுந்தது. சின்னவர் ஒரு விரல் நகத்தால் துளையின் மேற்பரப்பைத் தட்டினார். கல்லின் ஓசை.

கைகளை எடுத்தபோது நான்கும் செக்கச்சிவந்து, இடையிடையே கொப்புளம் கண்டிருந்தன. அந்தக் கையாலேயே சின்னவர் மெக்கரின் கைப்பிடியைச் சுற்றினார். காப்பு உறுதியாக இருக்கிறதா என்று காட்டும் கருவி அது. முள் எழுந்து, குறையில்லை என்று காட்டும் வலப்புறக் கோடி வரை போய் அங்கேயே நின்றது. வாளியை நிறுத்தச் சொன்னார்கள். குழிநீர் ஏறி ஜாயின்ட்டை மூழ்கடித்தது. மறுபடி சுற்றினார்கள். முள் அசையவில்லை.

"எல்லாரும் குழியை விட்டு மேல வாங்க" என்றார் பொறியாளர். துண்டித்திருந்த மின்சாரத்தை மீட்கச் சொல்லி, மோட்டாரின் சுவிட்சைத் தட்டினார்.

மோட்டார் முனகிற்று, இழுக்க மாட்டாமல் திணறிற்று. பிறகு எங்கோ அடியில் வண்டல் விடுபடும் சத்தம் கேட்டது. மதகு நகர்ந்தது. கால்வாய்க்குள் நீர் இடித்துக்கொண்டு பாய்ந்தது. கைச்சக்கரத்து ஆட்கள் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

சகலைகள் உட்காரவில்லை. கீழ்த் தெருவுக்கு ஓடத் துடித்த கால்களை அடக்கிக்கொண்டு, மதகு முழுதும் ஏறி முடியும் வரை குழியின் விளிம்பில் நின்றார்கள். குழிநீரில் ஒரு குமிழி வந்தாலும் இருவர் மூச்சும் நின்றது. கேட்டது மோட்டாரின் சீரான ஓசை ஒன்றே. கரையோரத்து ஆள் இப்போது கூவவில்லை. கையை ஆட்டினான், வழிவது நின்றது என்று.

மழை தூறலாகத் தணிந்தபோது கைபேசி அடித்தது. இம்முறை பெரியவரே எடுத்தார். விரல்களால் அழுத்த முடியாமல் முட்டியால் அழுத்தினார்.

"படி தெரியுதுங்க" என்றார் மனைவி. "தண்ணி வெளிய போகுது. அப்பா, 'நான் அப்பவே சொன்னேன்ல'னு எங்க ரெண்டு பேரையும் திட்டுறார். பசிக்குதாம். இங்க அடுப்பெல்லாம் சேறு. வரும்போது சாப்பிட எதாவது வாங்கிட்டு வாங்க."

"எத்தனை பேருக்கு?"

 பின்னணியில் தங்கையின் குரல் எதையோ சொல்லிற்று, மாமனார் இருமினார்.

"அஞ்சு பேருக்குத்தான்" என்றார் மனைவி, எரிச்சலோடு. "இதெல்லாம் ஒரு கேள்வியா?"

பெரியவர் திரும்பிப் பார்த்தார். சின்ன சகலை கொப்புளக் கைகளை மழைத்தூறலுக்குக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"பொட்டலத்தை யாரு தூக்குறது?" என்றார் சின்னவர்.

"டிரைவரைக் கூப்பிடு" என்றார் பெரியவர்.